பழைய தூணுக்குப் புதிய உறை: காங்கிரீட் ஜாக்கெட்டிங் முழுமையான வழிகாட்டி

சென்னையின் கடலோரப் பகுதிகளில் 1990களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே முழுக்கக் கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, தூண்கள் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம். மூலைகளில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் விரிசல். சில தூண்களில் பூச்சோடு காங்கிரீட்டும் பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. குடியிருப்போர் சங்கம் கூடுகிறது. மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பில்லரைச் சுத்தி நாலு இஞ்ச் ஜாக்கெட் போட்டுடலாம் சார், இன்னும் முப்பது வருஷம் நிக்கும்" என்கிறார்.

வைத்தியம் சரிதான். பழைய தூணைச் சுற்றிப் புதிய கம்பிக்கூடு கட்டி, புதிய காங்கிரீட்டால் போர்த்தி, இரண்டையும் ஒரே தூணாக உழைக்க வைப்பதுதான் ஜாக்கெட்டிங். வெளிநாட்டு இயந்திரமோ அபூர்வப் பொருளோ தேவையில்லை. உள்ளூர்க் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் செய்யக்கூடிய வேலை. சிக்கலெல்லாம் அந்த "ஒரே தூணாக" என்ற இடத்தில் இருக்கிறது. அடியில் கடைக்காலைப் பிடிக்காமல், தலையில் பீமைத் தொடாமல், நடுவே பழைய காங்கிரீட்டோடு ஒட்டாமல் நிற்கும் உறை வெறும் கனத்த பூச்சு. காசு போகும், கார் நிறுத்தும் இடம் குறையும், தூண் பழைய பலத்திலேயே நிற்கும். பார்ப்பவர்களுக்குத் தூண் தடிமனாகத் தெரிவதால், பலப்பட்டுவிட்டது என்ற பொய்த் தைரியமும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டுக்காரர், சங்கச் செயலாளர், வேலைக்குப் புதிதாக வந்த சைட் இன்ஜினியர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. இதைப் படித்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாமல் இறங்கிவிட வேண்டாம். அவரிடம் எதைக் கேட்பது, மேஸ்திரியிடம் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

## உறை எப்போது வேண்டும்?

பொதுவாக நான்கு காரணங்கள். மேலே ஒரு மாடி கூட்டப்போகிறோம்; கம்பி துருப்பிடித்துத் தூண் நைந்துவிட்டது; கட்டும்போதே காங்கிரீட் தரம் குறைந்துபோனது இப்போது தெரியவந்திருக்கிறது; நிலநடுக்கத்தைத் தாங்கும் பலம் தூணில் இல்லை.

கடைசிக் காரணத்தை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் சரிந்தன. சரிந்தவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்ட கட்டடங்கள். மேல்மாடிகளில் சுவர்கள் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுவதும் சுவரில்லாத கீழ்த்தளத் தூண்களின் மேல் விழும். அடுத்த ஆண்டே, 2002இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 நெறிமுறை சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முன் வரைந்த தூண்கள் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

உறை வேண்டாத இடங்களும் உண்டு. கம்பி நன்றாக இருந்து, வெளிக் காங்கிரீட் மட்டும் ஓரிரு இடத்தில் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தைச் சீர்செய்தால் போதும். தூணின் சுற்றளவைக் கூட்டவே முடியாத நெருக்கடியான இடத்தில், நார்த்துணியை எபாக்சியால் சுற்றி ஒட்டும் முறையோ, நான்கு மூலையிலும் இரும்பு ஆங்கிள் வைத்துப் பட்டையால் பற்றவைக்கும் முறையோ பொருந்தும். கடைக்கால் மண்ணுக்குள் இறங்கியதால் தூண் விரிசல்விட்டிருந்தால், தூணுக்கு உறை போடுவது வீண். அங்கே நோய் மண்ணில் இருக்கிறது.

## படி 1: சோதனை

கண்ணால் பார்ப்பதும் சுத்தியலால் தட்டுவதும் முதல் சோதனை. பொள்ளென்று ஒலிக்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு ஆய்வுக்கூடத்தாரை அழைத்து, குறைந்தபட்சம் இவற்றையாவது செய்யச் சொல்லுங்கள்.

ரீபவுண்ட் சுத்தியல், அல்ட்ராசோனிக் வேகச் சோதனை இரண்டும் தூணை உடைக்காமல் தரத்தைக் கோடிகாட்டும். காங்கிரீட்டின் உண்மையான பலம் தெரிய வேண்டுமென்றால் உருளையாகத் துளைத்து மாதிரி எடுக்க வேண்டும். 9 அங்குலத் தூணில் துளை போடுவதால், எந்த உயரத்தில், எந்தத் தூணில் என்பதை இன்ஜினியர்தான் குறிக்க வேண்டும். கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் கண்டுபிடித்த பிறகே துளைக்க வேண்டும்.

அடுத்தது பினால்ப்தலீன் கரைசல். புதிதாகக் கொத்திய இடத்தில் தெளித்தால் காரத்தன்மை உள்ள காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத ஆழம் வரை காற்றிலுள்ள கரியமிலவாயு புகுந்துவிட்டது என்று பொருள். அந்த ஆழம் கம்பியைத் தொட்டிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. விலை குறைந்த சோதனை, ஐந்து நிமிட வேலை; இதைச் செய்யாமல் எஸ்டிமேட் தருபவரை நான் நம்புவதில்லை.

கடலோரத்திலும், உப்பான போர் தண்ணீரில் கலவை போட்ட கட்டடங்களிலும் குளோரைடு சோதனை கட்டாயம். குளோரைடு உள்ளே ஊறிய தூணைப் புதிய காங்கிரீட்டால் மூடிவிட்டால், உள்ளே துரு நிற்காது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். சில ஆண்டுகளில் உறையையும் உள்ளிருந்தே பிளக்கும். அப்படிப்பட்ட தூணில், கெட்ட காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை எடுத்துவிட்டுத்தான் உறை.

## படி 2: கணக்கு

மேஸ்திரி சொன்ன நாலு அங்குலத்துக்கு ஆதாரம் உண்டு. பழைய கட்டடங்களைப் பலப்படுத்துவதற்கான ஐ.எஸ். 15988 (2013) உறைக்குக் குறைந்தபட்சம் 100 மி.மீ. தடிமன் கேட்கிறது. புதிய காங்கிரீட்டின் பலம் பழையதைவிடக் குறைந்தது 5 மெகாபாஸ்கல் அதிகமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நம் தூணையே எடுத்துக்கொள்வோம்: 230க்கு 300 மி.மீ., சோதனையில் எம்15 அளவுக்குத்தான் பலம் தேறுகிறது, உள்ளே 16 மி.மீ. கம்பி நான்கு. ஐ.எஸ். 456 சூத்திரப்படி நேர் சுமைக்கு மட்டும் இதன் உச்சத் தாங்குதிறன் சுமார் 64 டன். பாதுகாப்புக் காரணி 1.5ஆல் வகுத்தால் அன்றாடச் சுமைக்கு 43 டன். நாற்புறமும் 100 மி.மீ. உறை போட்டால் தூண் 430க்கு 500 ஆகும். பரப்பு மூன்று மடங்குக்கும் மேல். எம்30 காங்கிரீட், 16 மி.மீ. எப்.ஈ.500 கம்பி எட்டு என்று வைத்தால், காகிதத்தில் உச்சத் தாங்குதிறன் 296 டன், அதாவது நான்கரை மடங்கு வருகிறது.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. பழையதும் புதியதும் ஒரே நாளில் வார்த்த ஒற்றைத் தூண்போல உழைக்காது என்பதால்தான், உறைக்குக் கணக்கில் வரும் காங்கிரீட்டைப்போல் ஒன்றரை மடங்கும், கம்பியைப்போல் மூன்றில் நான்கு மடங்கும் போடச் சொல்கிறது ஐ.எஸ். 15988. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், மேலே சொன்ன 296 டன் சுமார் 220 டன்னாக இறங்கிவிடும். தூணின் வளைவு, பக்கவாட்டு விசை எல்லாம் இதில் இன்னும் சேரவில்லை.

எந்தெந்தத் தூணுக்கு என்பதும் கணக்கில் சேர்ந்ததே. விறைப்பான தூண்தான் நிலநடுக்கத்தில் அதிக விசையை இழுத்துக்கொள்ளும். ஒரு மூலையில் இருக்கும் இரண்டு தூணை மட்டும் தடிமனாக்கினால், கட்டடம் அந்த மூலையைச் சுற்றி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். உறைகள் திட்டத்தில் இருபுறமும் சமமாக அமைய வேண்டும். அதேபோல் கீழ்த்தளத்தோடு உறையை நிறுத்தலாமா, மேலே எத்தனை மாடி கொண்டுபோக வேண்டும் என்பதும் இன்ஜினியர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பலவீனத்தை ஒரு மாடி மேலே தள்ளிவிட்டு நிற்பது பலப்படுத்துவது ஆகாது.

## படி 3: சுமையை இறக்குதல்

வழிகாட்டிகளில் அதிகம் விட்டுப்போவது இந்தப் படி.

நம் தூணின் மேல் இப்போதே 35 டன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே உறையை வார்த்தால், காங்கிரீட் எவ்வளவு பலமாக இறுகினாலும் அந்த 35 டன்னும் பழைய தூணின் மேலேயே இருக்கும். இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டால், அவர் எழுந்து பாதி உடம்பை அதில் வைக்கமாட்டார் அல்லவா? உறை வாங்குவதெல்லாம் இனிமேல் வரும் சுமையில் ஒரு பங்கும், பழைய தூண் மேலும் நசுங்கும்போது கைமாறுவதும்தான். மேலே மாடி கூட்டுவதற்காக உறை என்றால் இது பரவாயில்லை, புதிய சுமையின் பெரும்பகுதி உறைக்குப் போகும். இப்போதிருக்கும் சுமையையே தாங்க முடியாத தூணுக்கு இது போதாது.

ஆகவே முதலில் எளிதாக இறக்கக்கூடியதை இறக்குங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி 10,000 லிட்டர் என்றால் அதுவே 10 டன். தொட்டியைக் காலி செய்து வேலை முடியும்வரை கீழ்த்தொட்டியிலிருந்து நேராக மோட்டார் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தூணுக்கு மேலுள்ள அறைகளில் புத்தக அலமாரி, குவித்துவைத்த டைல்ஸ் போன்றவற்றை நகர்த்துங்கள்.

அடுத்து முட்டு. தூணில் வந்து சேரும் ஒவ்வொரு பீமுக்கும், தூணிலிருந்து வேலை செய்ய இடம் விட்டு, முட்டுக் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் வேலைக்குப் பயன்படும் குழாய் ஜாக்கி ஸ்லாப் வார்ப்பின் எடைக்கானது. பல மாடிச் சுமைக்கு அதை நம்பக் கூடாது. கனமான இரும்பு உத்தரங்களைத் தூணாக நிறுத்தி, அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கால் மெல்ல ஏற்றி, சுமையை வாங்கிக்கொண்டு பூட்ட வேண்டும். பீம் மேலே எழும்புகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் ஏற்றினால் மேல்மாடிச் சுவரில் விரிசல் விழும். முதல் மாடித் தூணில் வேலை என்றால், அங்கே நிறுத்திய முட்டுக்கு நேர் கீழே தரைத்தளத்திலும் முட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் இடையிலுள்ள ஸ்லாப்பின் மேல் விழும்.

அடுத்தடுத்த இரண்டு தூணில் ஒரே நேரத்தில் கொத்தாதீர்கள். ஒன்று விட்டு ஒன்று.

## படி 4: கடைக்காலைத் திறத்தல்

தரை மட்டத்திலிருந்து உறையைத் தொடங்குவது மலிவான வழி. தோண்ட வேண்டாம், டைல்ஸ் உடைக்க வேண்டாம். அதனால்தான் நிறைய இடங்களில் அப்படியே நடக்கிறது. அந்த உறை எதன் மேல் நிற்கிறது? தரைப் பூச்சின் மேல்.

உறை கடைக்காலின் மேற்பரப்பிலிருந்து எழும்ப வேண்டும். அதற்குக் கடைக்கால் வரை தோண்ட வேண்டும்; ஒரு நேரத்தில் ஒரு தூண், கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு விரல் அளவும் போகக் கூடாது. கடலோரத்தில் தண்ணீர் ஊறும். மோட்டாரால் இறைக்கும்போது மணலும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கடைக்காலுக்கு அடியிலிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது.

புதிய நெடுக்குக் கம்பி கடைக்காலுக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும்? எம்25 காங்கிரீட்டில் 16 மி.மீ. எப்.ஈ.500 கம்பிக்கு இழுவைக்கான பிடிப்பு நீளம் சுமார் 780 மி.மீ. நம் ஊர்ப் பழைய கடைக்கால்கள் பலவற்றின் மொத்தத் தடிமனே அதில் பாதிதான். கெமிக்கல் ஆங்கர் வைத்தால் குறைந்த ஆழத்திலேயே பிடிப்புக் கிடைக்கும், ஆனால் பசை எவ்வளவு நல்லதானாலும் அதைச் சுற்றியுள்ள பழைய காங்கிரீட் நைந்திருந்தால் கூம்பாகப் பெயர்ந்து வந்துவிடும். எனவே பெரும்பாலும் கடைக்காலுக்கும் சேர்த்தே உறை போட நேரும்: பழைய கடைக்காலின் பக்கங்களைக் கொத்தி, துளையிட்டுக் கம்பி நட்டு, சுற்றிலும் மேலேயும் புதிய காங்கிரீட்டால் அகலப்படுத்தி, நெடுக்குக் கம்பியின் எல் வடிவக் காலை அதற்குள் படுக்க வைப்பது. மாடி கூட்டுவதாக இருந்தால் மண்ணின் தாங்குதிறனுக்கும் கடைக்காலின் அகலம் போதாது என்பதால், எப்படியும் இதைச் செய்தே ஆக வேண்டும். உறையின் எடையும் சும்மா இல்லை. நம் தூணில் 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு டன்னுக்கும் மேல்.

## படி 5: கொத்துதல்

பூச்சு முழுவதையும் எடுங்கள். பெயின்ட், வெள்ளை, பழைய பட்டி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு தூணின் காங்கிரீட்டையே கொத்தி, சுமார் 6 மி.மீ. மேடுபள்ளம் வரும்படி சொரசொரப்பாக்க வேண்டும். மேற்பரப்பில் ஜல்லி தலைநீட்டித் தெரிய வேண்டும். உளியால் அங்கங்கே புள்ளி வைத்ததுபோல் கொத்துவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கருவி முக்கியம். சாலை உடைக்கும் பெரிய பிரேக்கரைத் தூணில் வைத்தால் உள்ளே மயிரிழை விரிசல் ஓடும். எந்தக் காங்கிரீட்டோடு புதியதை ஒட்ட நினைக்கிறோமோ அதுவே பொடியாகிவிடும். கையுளி அல்லது சிறிய மின் சிப்பிங் கருவி போதும். வேலை மெதுவாகத்தான் போகும்.

துருப்பிடித்த பழைய கம்பி தெரிந்தால், அதற்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, அதாவது 20 முதல் 25 மி.மீ. வரை காங்கிரீட்டை எடுத்து, கம்பியைச் சுற்றிலும் இரும்புத் தூரிகையாலோ மணல் வீச்சாலோ பளபளவென்று தேய்க்க வேண்டும். மெலிந்துபோன கம்பியின் விட்டத்தை வெர்னியரால் அளந்து இன்ஜினியரிடம் கொடுங்கள். அந்தக் குறைவைப் புதிய கம்பி ஈடுகட்ட வேண்டும். கடைசியில் காற்றழுத்தத்தால் தூசியை ஊதி, தண்ணீரால் கழுவுங்கள். பழையதும் புதியதும் பிரிவதற்கு முதல் காரணம் இந்தத் தூசிதான்.

## படி 6: கம்பி

கட்டிய தூணின் மேல் முழு ரிங்கை மேலிருந்து போட முடியாது என்பது முதன்முறை பார்க்கும் எல்லோருக்கும் சட்டென உறைக்கும். ஆகவே ரிங் இரண்டு துண்டாக வரும்: இரண்டு எல், அல்லது இரண்டு யு. முனைகளைக் கொக்கிபோட்டுப் பூட்டலாம், ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிப் பற்றவைக்கலாம்.

கொக்கி 135 டிகிரி வளைய வேண்டும்; வளைவுக்குப் பிறகு கம்பி விட்டத்தைப்போல் 10 மடங்கு நீளம், அதாவது 8 மி.மீ. ரிங்குக்கு 80 மி.மீ. இங்கேதான் கம்பி கட்டுபவர் சலித்துக்கொள்வார். 100 மி.மீ. உறைக்குள் அந்தக் கொக்கி மூலைவாக்கில் உள்ளே திரும்பும்போது பழைய தூணின் மூலையில் முட்டும். மூலையைக் கொஞ்சம் சாய்வாகக் கொத்தி எடுத்துவிட்டால் உள்ளே போகும். சோம்பல்பட்டு 90 டிகிரியில் விட்டால், பெரிய ஆட்டத்தில் கம்பியை மூடியிருக்கும் கவர் காங்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்து ரிங்கே திறந்துகொள்ளும். உறையின் பெரிய லாபம், பழைய தூணை நாற்புறமும் இறுக்கிப் பிடிப்பது. ரிங் திறந்தால் அந்த லாபம் போயிற்று.

ரிங் குறைந்தது 8 மி.மீ., நெடுக்குக் கம்பி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். தூண் உயரத்தில் மேலேயும் கீழேயும் கால்பங்கு நீளத்துக்கு 100 மி.மீ. இடைவெளி; மற்ற இடத்தில் 200ஐத் தாண்டக் கூடாது, உறைத் தடிமனையும் தாண்டாமல் இருப்பது நல்லது. 100 மி.மீ. உறைக்கு முழுக்கவே 100 என்று போட்டுவிடுங்கள். கூடுதலாகப் பிடிக்கும் கம்பியின் விலை பேசத் தகுந்ததல்ல.

பழைய தூணையும் புதியதையும் கோர்க்க, எல் வடிவ முளைக் கம்பிகளைப் பழைய தூணில் துளையிட்டு எபாக்சியால் நட வேண்டும். இடைவெளியும் ஆழமும் வரைபடத்தில் இருக்கும். துளையைத் தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, ஊதிய பிறகே பசை. பசையைத் துளையின் அடியிலிருந்து நிரப்பி, பிறகு கம்பியைத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். கம்பியின் நுனியில் பசையைத் தடவிச் செருகுவது ஏமாற்று வேலை.

## படி 7: தளத்தைத் தாண்டுதல்

உறை தலைப்பக்கம் ஸ்லாப்பில் முட்டி நின்றுவிட்டால், நெடுக்குக் கம்பிகள் அங்கேயே முடிந்துவிடும். தூணும் பீமும் சேரும் மூட்டில் அவற்றால் பயனில்லை. நிலநடுக்கத்தில் அதிகம் உடைவதும் அந்த மூட்டை ஒட்டிய இடம்தான்.

பீம்கள் தூணின் நடுப்பக்கத்தில் வந்து சேர்வதால், அங்கே கம்பி மேலே ஏற வழியில்லை. 230 மி.மீ. அகலப் பீமும் 430 மி.மீ. அகல உறையும் என்றால், பீமின் இருபுறமும் 100 மி.மீ. மிச்சம். அந்த மூலைகளில்தான் ஸ்லாப்பைத் துளைத்துக் கம்பிகளை மேலே கொண்டுபோக வேண்டும். இதனால் முக்கியமான கம்பிகளை மூலைகளில் கொத்தாக வைப்பது வழக்கம். துளைக்கும்போது ஸ்லாப்பின் கம்பியை அறுத்துவிடாமல் இருக்க, முதலில் கருவியால் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பீமின் ஆழம் முழுவதும் ரிங் போடுவதும் பெரிய பாடு. பீமில் துளையிட்டு ரிங்கின் காலை நுழைத்து மறுபுறம் பூட்டுவது ஒரு வழி. ஒப்பந்தக்காரர் "அங்க ரிங் வேணாம் சார், பீமே இருக்கே" என்றால், வரைபடத்தைக் காட்டுங்கள்.

மேல்வீட்டுக்காரரின் வரவேற்பறையில் மூலைக்கு மூலை டைல்ஸ் உடையும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடுவது நல்லது. இந்தப் படி பல இடங்களில் கைவிடப்படுவது தொழில்நுட்பக் காரணத்தால் அல்ல, அந்தச் சண்டைக்குப் பயந்து.

## படி 8: பசைப் பூச்சு வேண்டுமா?

பழைய காங்கிரீட்டில் எபாக்சிப் பசை பூசினால் ஒட்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஒட்டும், பசை ஈரமாக இருக்கும்போதே புதிய காங்கிரீட் வந்து சேர்ந்தால். ஜாக்கெட்டிங்கில் கம்பி கட்டி, பலகை அடைத்து, வார்ப்புத் தொடங்குவதற்குள் மணிக்கணக்காகிவிடும். அதற்குள் காய்ந்து கண்ணாடிபோல் வழுவழுப்பான பசை, இரண்டையும் பிரிக்கும் படலமாகிவிடும். நீண்ட நேரம் ஈரம் தாங்கும் வகையாக இருந்து, நேரக்கணக்கைக் காப்பாற்ற முடிந்தால் மட்டும் பூசுங்கள். இல்லையென்றால் சொரசொரப்பும் முளைக் கம்பியும் போதும். முந்தைய நாளிலிருந்தே பழைய தூணை நன்றாக நனைத்து, வார்ப்பு நேரத்தில் உள்ளே ஈரமும் மேலே தண்ணீர் தேங்காமலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பழைய காங்கிரீட் புதியதிலிருந்து தண்ணீரை உறிஞ்சாது.

## படி 9: பலகையும் வார்ப்பும்

உறைக்குள் இடம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுங்கள். கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 கேட்கும் கவர் 45 மி.மீ., ரிங் 8, கம்பி 16, மொத்தம் 69. பழைய தூணுக்கும் கம்பிக்கும் நடுவே மிஞ்சுவது 31 மி.மீ. அதில் 20 மி.மீ. ஜல்லி இறங்காது, கம்பியில் சிக்கி நின்று அடியில் தேன்கூடாகும். 10 மி.மீ. ஜல்லியோடு, பிளாஸ்டிசைசர் சேர்த்துத் தானாக ஓடும் காங்கிரீட்டோ, மூட்டையில் வரும் மைக்ரோ காங்கிரீட்டோதான் இங்கே பொருத்தம். மைக்ரோ காங்கிரீட்டில் எவ்வளவு தடிமனுக்குச் சிறுஜல்லி கலக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் என்பது மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும்; தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்று ஒரு குவளை கூட ஊற்றும் பழக்கம் கொத்தனார்களுக்கு ரத்தத்தில் ஊறியது. இடநெருக்கடி அதிகம் என்றால் உறையை 125 மி.மீ. ஆக்குவதைப் பற்றி இன்ஜினியரிடம் பேசுங்கள்.

கடலோரத்தில் காங்கிரீட் எம்30க்குக் குறையக் கூடாது. தண்ணீர்–சிமெண்டு விகிதம் 0.45ஐத் தாண்டக் கூடாது.

ஓடும் காங்கிரீட் பலகையைத் தண்ணீர்போலவே தள்ளும். 3 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கும் மேல் அழுத்தம். அடிப்பக்கம் கிளாம்பு நெருக்கமாக, இடுக்குகளில் ஃபோம் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். சாதாரணக் காங்கிரீட் என்றால் ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டராகப் பலகையில் ஜன்னல் விட்டு ஊற்றி, 25 மி.மீ. ஊசி வைப்ரேட்டரும் வெளியே ரப்பர் சுத்தியலுமாக இறக்க வேண்டும்.

தலைப்பக்கம்தான் கடைசிச் சிக்கல். பலகை வழியாக ஊற்றினால் பீமுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி கண்டிப்பாக மிஞ்சும். பிறகு அதைச் சாந்து வைத்து மூடி, பூசி மறைத்துவிடுவார்கள். அந்த உறையின் தலையில் எந்தச் சுமையும் இறங்காது. ஸ்லாப்பில் போட்ட துளை வழியாக மேல்மாடியிலிருந்து ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. அது முடியாத இடத்தில், சில நாள் கழித்து அந்த இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் அழுத்தி நிரப்ப வேண்டும்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் மூன்று கியூபாவது எடுத்து, தூண் எண்ணை எழுதி வையுங்கள்.

## படி 10: தண்ணீர், தட்டிப்பார்த்தல், முட்டெடுத்தல்

பலகையை இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் ஈரம் காக்கும். பிரித்ததும் கோணிச்சாக்கைச் சுற்றி நனைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பி.பி.சி. சிமெண்டு என்றால் 10 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 14 நாள். பழைய தூண் சுருங்கி முடித்து பல ஆண்டாகிறது. புதிய உறை மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருங்கினால் ஒட்டிய இடத்திலிருந்து விலகும். எனவே இங்கே தண்ணீர் விடுவது புது வீட்டுத் தூணைவிட முக்கியம்.

பிறகு நாற்புறமும் சுத்தியலால் தட்டுங்கள். பொள்ளல் ஒலி வந்தால் அங்கே துளைத்துக் கிரவுட் செலுத்த வேண்டும். பலகை பிரித்த அன்றே பூச்சுப் பூசிவிட ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டால், இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திடும்வரை கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். கியூப் சோதனையில் தேவையான பலம் வந்த பிறகே முட்டுகளை எடுக்க வேண்டும். அதையும் ஒரேயடியாகத் தட்டிவிடாமல், ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி.

## கொட்டேஷனில் தேட வேண்டியவை

"தூண் ஒன்றுக்கு இத்தனை ரூபாய்" என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். முட்டுக்கு ஒரு வரி, தோண்டி கடைக்காலை அகலப்படுத்த ஒரு வரி, கொத்தலுக்குச் சதுர மீட்டர் கணக்கில் ஒரு வரி, முளைக் கம்பிக்கு எண்ணிக்கைக் கணக்கில் ஒரு வரி, ஸ்லாப் துளைக்கு ஒரு வரி, கிரவுட்டுக்கு ஒரு வரி என்று பிரிந்திருக்க வேண்டும். மூன்று கொட்டேஷனில் ஒன்று மட்டும் பாதி விலையில் இருந்தால், அதில் எந்த வரி இல்லை என்று பாருங்கள். அநேகமாகக் கடைக்கால் வரி இருக்காது. அடுத்தபடியாக ஸ்லாப் துளை.

தூணில் மாட்டியிருக்கும் மின் மீட்டர் பலகை, கழிவுநீர்க் குழாய், கேபிள் இவற்றை நகர்த்தும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு தூணும் பக்கத்துக்கு 100 மி.மீ. பெருக்கும் என்பதால், இரண்டு தூணுக்கு நடுவே 200 மி.மீ. போய்விடும். வேலைக்கு முன்பே தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, எல்லோருடைய வண்டியும் கதவைத் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.